பெருந்துறை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வீட்டிற்கு வந்தபொழுது, "ஐயா, பழைய நினைவுகளை எழுதித் தாருங்கள்" என்றே கேட்டனர். பழைய மாணவர் மலர்களில் ஆசிரியரின் பிரம்பைப் பற்றியும் விடுதிச் சாம்பாரைப் பற்றியும் போதிய அளவு எழுதப்பட்டுவிட்டது. அவற்றிலே எனக்குப் பங்கு உண்டெனினும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆதலால் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றேன். நம்மிற் பலர் தம் வாழ்நாளில் ஆயிரம் முறையேனும் கடந்து சென்றும், ஒருமுறையேனும் நின்று பாராத ஓர் ஆற்றுத்துறை கொழும்பிலே உண்டு. களனி கங்கையின் தென்கரையிலுள்ள கிராண்ட்பாஸே அது.

இதனை நான் கவனிக்கத் தொடங்கிய விதம் சற்று விந்தையானது. ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மற்றொரு துறையைக் கண்ட பின்னரே நம் வாசலில் இருக்கும் துறை என் கண்ணுக்குத் தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திற் பணிபுரியும் என் மகனிடம் சென்றிருந்தேன். ஒருநாள் அவன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வடக்கு நோக்கி நெடுந்தூரம் சென்றான். வழி முழுவதும் பாலை. பாலை என்றவுடன் மணற்குன்றுகளும் ஒட்டகங்களும் நம் மனத்தில் தோன்றும், அந்நிலம் அத்தகையதன்று. செம்மண்ணும், செங்குத்தான செம்பாறை மதில்களும், இடையிடையே சாம்பல் நிறப் புதர்களுமே கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அதன் நடுவே கொலராடோ என்னும் பேராறு நிலத்தை வாள்கொண்டு அறுத்தாற்போல அறுத்துக்கொண்டு ஓடுகின்றது. சிறிது தொலைவில் நின்று பார்ப்பவனுக்கு அங்கே ஆறு இருப்பதே தெரியாது. விளிம்பிற்குச் சென்று எட்டிப் பார்த்தால், ஏறத்தாழ நானூற்றெழுபது அடி ஆழத்திலே பச்சை நாடா ஒன்று கிடப்பதுபோலத் தோன்றும். நீர் கண்முன்னே இருக்கின்றது. தாகத்தால் இறப்பவன்கூட இறங்கிச் சென்று ஒரு கை அள்ள முடியாது.

இத்தகைய பாறைப் பள்ளத்தாக்கு அந்த ஆற்றின் இரு மருங்கும் நூற்றுக்கணக்கான மைல் நீண்டு கிடக்கின்றது. பரியா என்னும் சிற்றாறு வந்து கலக்கும் ஓரிடத்திலே மாத்திரம் பாறை மதில்கள் பின்வாங்கி நிற்கின்றன. அவ்விடத்தில் வண்டியை நீர்விளிம்பு வரை இறக்கலாம், அக்கரையிலும் ஏற்றலாம். அதற்கு மேலே ஒரு பள்ளத்தாக்கு முடிகின்றது. கீழே உலகப் புகழ்பெற்ற பெரும் பள்ளத்தாக்குத் தொடங்குகின்றது. அதன் நீளத்தை மைல் எண்ணிட்டு அளப்போர் இவ்விடத்தையே சுழியம் எனக் கொள்வர். இதுவே 'லீயின் துறை' எனப்படுவது.

1776ஆம் ஆண்டிலே இஸ்பானியப் பாதிரிமார் இருவர், சிறு குழுவொன்றுடன் வழி தேடி வந்து, இவ்விடத்திற் கடக்க முயன்று முடியாது திரும்பினர். மேலே பல நாள் அலைந்து, வேறோரிடத்திற் பாறையிற் படி வெட்டி, விலங்குகளை இறக்கிக் கடந்தனர். அந்தப் படிகள் இன்று அணைக்கட்டு நீரின் அடியிற் கிடக்கின்றன. 1864இல் யேக்கப் ஹம்ளின் என்பவர் தெப்பமொன்று கட்டி இவ்விடத்திற் கடந்தார். 1871ஆம் ஆண்டின் இறுதியில் ஜோன் டி. லீ என்பவர் தம் குடும்பத்துடன் வந்து குடியேறினார். 1873இல் ஓடம் ஓடத் தொடங்கிற்று. இம்மனிதர் அவ்விடத்திற்கு வந்தது இயற்கைக் காட்சியை விரும்பியன்று. 1857ஆம் ஆண்டில் வழிப்பயணக் குழுவொன்றைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட கொடுஞ்செயலில் அவருக்குப் பங்கிருந்தது. சட்டத்தின் கை எட்டாத இடமொன்று அவருக்கு வேண்டியிருந்தது. சட்டம் எட்டவே செய்தது. 1874இல் பிடிபட்டு, 1877இல் மரண தண்டனை பெற்றார். துறைக்கோ அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவருக்குப்பின் துறையை நடத்தியவர் அவர் மனைவியருள் ஒருவரான எம்மா. அந்த வெயிலிலும் தனிமையிலும் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓடத்தைப் பார்த்த அப்பெண்மணியின் பெயரையே துறைக்கு இட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

1928ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஓடம் கவிழ்ந்து மூவர் மாண்டனர். அப்பொழுது சில மைல் கீழே பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆகவே ஓடத்தை மீண்டும் விடவில்லை. பாலம் முடியும் வரை, எதிரே கண்ணுக்குத் தெரியும் அக்கரைக்குச் செல்ல ஏறத்தாழ எண்ணூறு மைல் சுற்ற வேண்டியிருந்தது என்பர். 1929இல் பாலம் திறக்கப்பட்டது. பழைய துறையில் இன்று ஓடம் இல்லை. குடியேறிகளின் பழைய தோட்டமும், சில கல்வீடுகளும், ஆற்றுப்பயணம் தொடங்குவோரின் இறப்பர்த் தெப்பங்களுமே உள்ளன. எனினும் அரசினர் அவ்விடத்தைப் பேணி, வருவோர்க்கு விளங்கும்படி பலகைகள் நட்டு வைத்திருக்கின்றனர். நான் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்து நின்றபொழுது மகன், "அப்பா, உங்கள் ஊர்த் துறையைப் பற்றி இவ்வளவு தெரியுமா?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை.

ஊர் திரும்பிய பின், களுபோவிலையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் வயிற்றுப் பேரனை அழைத்துக்கொண்டு கிராண்ட்பாஸுக்குப் புறப்பட்டேன். அவன் நம் கல்லூரியிற் படிப்பவன். புவியியல் பாடத்தில் ஆர்வமுடையவன். "கிராண்ட்பாஸில் என்ன இருக்கிறது, அம்மப்பா?" என்றான். "பெயர் இருக்கிறது, தம்பி, முதலில் அதைப் பார்ப்போம்" என்றேன்.

பெயர் போத்துக்கேயர் இட்டது. 'பாசோ' என்பது அவர் மொழியிற் கடவையைக் குறிக்கும். 'கிராண்ட்' என்றாற் பெரிய. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனைத் தம் நாவிற்கேற்ப வழங்கி இன்றைய வடிவிற்குக் கொண்டுவந்தனர். தமிழில் ஆக்கினால் 'பெருந்துறை' என்றாகும். மணிவாசகர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறை ஒன்று. லொறிகளும் கைவண்டிகளும் நெருக்கும் நம் பெருந்துறை மற்றொன்று. பேரன் இதனைக் கேட்டுச் சிரித்தான். ஆனால் பெயரை மறக்கமாட்டான் என்று நினைக்கின்றேன்.

துறை இவ்விடத்தில் ஏன் அமைந்தது? சிவனொளிபாதமலைச் சாரலிலும் அதனை அடுத்த மலைகளிலும் பிறந்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை, கடலை அணுகும்பொழுது தாழ்நிலத்திற் பரந்து சோம்பி நடக்கின்றது. வடக்கே முத்துராஜவலைச் சதுப்பு. கிழக்கே கொலன்னாவைப் பக்கத்துச் சேற்றுநிலம். மழைக்காலத்தில் எங்கே ஆறு முடிகின்றது, எங்கே வயல் தொடங்குகின்றது என்று சொல்ல இயலாது. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகிய பகுதிகளிலேதான் கபுக்கல் மேடு சற்று உயர்ந்து கிடக்கின்றது. கோட்டையிலிருந்து கால் நனையாமல் ஆற்றை அணுக விரும்புபவன் அம்மேட்டைப் பற்றியே வரவேண்டும். அரிசோனாவிற் பாறை மதில் தாழ்ந்த இடத்தைத் தேடினர். கொழும்பில் நிலம் உயர்ந்த இடத்தைத் தேடினர். அங்கே தடை உயரம். இங்கே தடை சேறு. கடப்பவனுக்கு வேண்டியது இரண்டிடத்தும் ஒன்றே: வண்டிச் சக்கரம் நீர்விளிம்பு வரை புதையாமலும் உருளாமலும் வரவேண்டும்.

இத்தகைய இடத்தைக் கையில் வைத்திருப்பவன் நகரைக் கையில் வைத்திருப்பான். 1796ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஆங்கிலேயப் படை நீர்கொழும்பில் இறங்கி, தெற்கே கொழும்பை நோக்கி வந்தது. களனி கங்கையே அவர்களைத் தடுத்து நிறுத்தத்தக்க கடைசி அரண். ஒல்லாந்தர் அதனை உறுதியாகக் காத்து நின்றனரில்லை. ஆங்கிலேயர் கடந்து தென்கரையில் அமர்ந்துகொண்டனர். பின்னர், ரேமண்ட் என்னும் படைத்தலைவரின் கீழ் மலாய்ப் படையினர் வந்து கிராண்ட்பாஸ் பக்கத்தில் அவர்களைத் தாக்கினர். தாக்குதல் தோற்றது, ரேமண்டும் உயிரிழந்தார். கோட்டையின் பெரிய மதில்கள் பீரங்கிக் குண்டுக்கு முகங்கொடுக்க வேண்டி நேரவேயில்லை. அதே மாதம் 16ஆம் நாள் கொழும்பு ஒப்படைக்கப்பட்டது. நூற்றைம்பதாண்டுக் காலம் நம் நாட்டை ஆண்ட ஆட்சிமாற்றம் ஓர் ஆற்றங்கரையிலேயே பாதிக்கு மேல் முடிந்துவிட்டதெனலாம்.

1815இற் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1818இல் ஊவாவிலே எழுந்த கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. மலைநாட்டைப் பிடிப்பது வேறு, பிடித்து வைத்திருப்பது வேறு என்பதனை ஆங்கிலேயர் அப்பொழுது அறிந்துகொண்டனர். எட்வேட் பாண்ஸ் என்பவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும் செய்த முதன்மையான வேலை கண்டிக்கு வீதி அமைத்தது. அவ்வீதியின் தொடக்கத்திலேயே களனி கங்கை குறுக்கிட்டது. பீரங்கி வண்டியையும் படைக்குரிய உணவையும் ஓடத்தில் ஒவ்வொன்றாக ஏற்றிக் கடத்திக்கொண்டிருந்தால் வீதி அமைத்துப் பயனென்ன? ஆகவே 1822இல் கிராண்ட்பாஸில் தோணிப்பாலம் எழுந்தது.

இத்தோணிப்பாலத்தைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் பாட்டன்மாரின் காலத்தில் கொழும்பிற்கு வந்தவர்கள் வியந்து பார்த்த பொருள்களுள் இஃது ஒன்று. ஆற்றிற்குக் குறுக்கே தோணிகளை ஒன்றன்பக்கம் ஒன்றாக, முன்பக்கம் நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி நிறுத்தி, நங்கூரமிட்டு, அவற்றின்மேல் உத்தரங்களைக் கிடத்திப் பலகை பாவினர். நீளம் ஏறத்தாழ ஐந்நூறு அடி. பாலத்தைத் தாங்கியது தூணன்று, நீரே.

மாணவர்கள் இதனை எளிதிற் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாற்பதடி நீளமும் பத்தடி அகலமுமுள்ள தட்டையான தோணியொன்றைக் கற்பனை செய்க. அதன் பரப்பு நானூறு சதுர அடி. அது இன்னும் ஓரங்குலம் அமிழ்வதாயின் முப்பத்துமூன்று கன அடிக்கு மேற்பட்ட நீரை இடம்பெயர்க்கும். ஒரு கன அடி நீரின் எடை அறுபத்திரண்டரை இறாத்தல் அளவாகலின், அந்த ஓரங்குலம் ஏறத்தாழ ஒரு தொன் பாரத்தைத் தாங்கும். பாரமேற்றிய இரட்டை மாட்டுவண்டியின் எடையும் அவ்வளவினதே. வண்டி முன்செல்ல, அதன் கீழுள்ள தோணி சற்றே தாழும். வண்டி கடந்ததும் மீண்டும் எழும். பாலத்தின்மேல் நடந்தவனுக்குப் பெரிய விலங்கொன்றின் முதுகில் நடப்பது போன்றிருந்திருக்கும். மாடுகள் முதன்முறை மிரண்டிருக்கும் என்பதிற் சந்தேகமில்லை.

தூண் நட்டுப் பாலம் கட்டாதது ஏன் எனில், அடியிற் பாறை இல்லை. மணலும் வண்டலும் ஆழமாகக் கிடக்கின்றன. வெள்ளம் வரும்பொழுது அவை இடம்பெயர்கின்றன. அக்காலத்திலிருந்த கருவிகளைக்கொண்டு அத்தகைய அடியில் உறுதியான தூண் நிறுத்துவது அரிது. தோணிகளோ நீர் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆற்றோடு பகைக்காத பாலம் அது.

ஒரு தொல்லை உண்டு. அக்காலத்திற் களனி கங்கையே ஒரு நெடுஞ்சாலை. உள்நாட்டிலிருந்து பாக்கு, நெல், பலகை முதலியன ஏற்றிய 'பாதைகள்' உருவன்வல்லைப் பக்கத்திலிருந்து ஆற்றோடு வந்து, கால்வாய்களின் வழியே நகருக்குட் புகுந்தன. குறுக்கே தோணிப்பாலம் கிடந்தால் அவை எவ்வாறு செல்லும்? ஆகவே நடுவிலுள்ள தோணிகள் சிலவற்றைக் குறித்த நேரத்தில் விலக்கி வழிவிட்டனர். அந்நேரம் வீதியில் வந்தவர்கள் காத்திருந்தனர். மற்ற நேரமெல்லாம் ஆற்றில் வந்தவர்கள் காத்திருந்தனர். பாலத்தைக் கடக்க ஆயமும் செலுத்த வேண்டும். ஆயம் தண்டும் உரிமையை அரசினர் குத்தகைக்கு விட்டனர். குத்தகைக்காரர் பலர் செல்வராயினர். வண்டிக்காரர் எவரும் செல்வரானதாகக் கேள்விப்படவில்லை.

1832இல் கொழும்பிற்கும் கண்டிக்குமிடையே அஞ்சல் வண்டி ஓடத் தொடங்கிற்று. அதன்பின் வந்தது கோப்பி. மலைநாட்டுத் தோட்டங்களில் விளைந்த கோப்பியனைத்தும் மாட்டுவண்டிகளில், பல நாட்பயணமாக, இப்பாலத்தின் மேலேயே கொழும்பை வந்தடைந்தது. அக்கோப்பியைப் பறித்த நம் இனத்துத் தொழிலாளரோ இவ்வழியாற் சென்றவரல்லர். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டவர் பலர். அவர்களுக்கென ஒரு துறையும் கட்டப்படவில்லை, ஒரு பலகையும் நடப்படவில்லை. 1867இல் புகைவண்டி கண்டியை எட்டிய பின் வண்டிகள் குறைந்தன. இரண்டாண்டுகளில் கோப்பியை நோய் பற்றிற்று. தோணிப்பாலம் மாத்திரம் தன் போக்கிற் கிடந்து, 1895இல் விக்ரோறியாப் பாலம் என்னும் இரும்புப்பாலம் திறக்கப்பட்ட பின்னரே ஓய்வு பெற்றது. எழுபத்துமூன்று ஆண்டுகள்! தற்காலிகம் எனத்தக்க அமைப்புகள் நம் நாட்டில் நீண்டகாலம் நிலைப்பது புதிய வழக்கமன்று.

இரும்புப்பாலமும் இன்றில்லை. 1959இற் புதிய களனிப் பாலம் எழுந்தது; பின்னர் விக்ரோறியாப் பாலம் இருந்த இடத்திற்கு யப்பானிய உதவியுடன் வேறொரு பாலம் வந்தது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் 'கல்யாணி' எனப் பெயரிட்ட பாலம் திறக்கப்பட்டது. உயர்ந்த கோபுரங்களிலிருந்து இறங்கும் வடங்களால் தாங்கப்படும் பாலங்களில் இந்நாட்டில் இதுவே முதலாவது. களனி என்னும் பெயரின் பழைய வடிவமே கல்யாணி.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்பிட்டுக் காட்ட விரும்புகின்றேன். பேரனுக்கும் இதனையே மணலிற் கோடிட்டுக் காட்டினேன். பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 1833இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஒரு பாலம் அமைத்தனர். முழுவதும் முதிரை மரம். ஆணியும் திருகாணியும் இன்றிப் பொருத்தப்பட்டது. 205 அடி நீளமான ஒரே வளைவு. அது 1905 வரை நின்றது. பதினோராண்டு இடைவெளியில், ஒரே வீதியில், ஒரே அரசினர் இரண்டு பாலங்கள் கட்டினர்: ஒன்று தோணிமேல், மற்றொன்று வளைவாக. காரணம் கரை. வளைவு என்பது தன் பாரத்தைக் கீழே மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் தள்ளும். அத்தள்ளுதலைத் தாங்க இரு கரையும் உறுதியாக இருத்தல் வேண்டும். பேராதனையிற் கரை உயர்ந்தது, வலியது. கிராண்ட்பாஸில் வளைவை நாட்டினால் கரையே விலகிப் போகும். அரிசோனாவில் 1929இல் திறந்த நவஹோப் பாலமும் உருக்கு வளைவே. 616 அடி அகலத்தை ஒரே தாவலிற் கடக்கின்றது. கீழே சாரம் கட்ட இயலாத ஆழமாதலால், இரு கரைப் பாறையிலிருந்தும் கைநீட்டுவதுபோலச் சிறிது சிறிதாக நீட்டி, நடுவானிற் கைகோத்தனர். அங்கே சுண்ணப்பாறை, அதனால் வளைவு. இங்கே சேறு, அதனால் தோணி. பொறியியலாளர் தம் விருப்பப்படி பாலம் கட்டுகின்றார் என்று நாம் எண்ணுகின்றோம். கரை சொல்வதைத்தான் அவர் கட்டுகின்றார்.

மணற்கோடுகளை அழித்துவிட்டு நாகலகம் வீதிக்கு நடந்தோம். இரு துறைகளுக்குமுள்ள இன்னோர் ஒற்றுமையை நான் காண விரும்பியது அங்கேதான். கடக்க எளிதான இடம் அளக்கவும் எளிது. கொலராடோ ஆற்றில் எவ்வளவு நீர் செல்கின்றது என்பதனை 1921 முதல் லீயின் துறையில் அளந்து வருகின்றனர். 1922இல் ஏழு மாநிலங்கள் அவ்வாற்று நீரைப் பங்கிட்டு உடன்படிக்கை செய்தபொழுது, மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் எல்லையாக இவ்விடத்தையே குறித்தன. பாகப்பிரிவினையில் ஒரு தவறு நேர்ந்தது. அவர்கள் கணக்கிற்கு எடுத்துக்கொண்ட ஆண்டுகள் வழக்கத்திற்கு மிஞ்சி மழை பெய்தவை. ஆகவே ஆற்றில் இல்லாத நீரையும் சேர்த்துப் பங்கிட்டுவிட்டனர். அதன் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. 1963 முதல் மேலேயுள்ள அணைக்கட்டு ஆற்றைப் பிடித்து வைத்து அளந்து விடுகின்றது. இஸ்பானியர் 'கொலராடோ' எனப் பெயரிட்டது செந்நிறம் பற்றியே. வண்டலெல்லாம் அணையில் தங்கிவிடுவதால், இன்று அத்துறையில் ஓடும் நீர் தெளிந்த பச்சையாகவும் கைவிறைக்கும் குளிராகவும் உள்ளது.

நம் துறையில் நீர் இன்றும் செந்நிறமே. இங்கே அளப்பது பங்கிடுவதற்காகவன்று, தப்புவதற்காக. நாகலகம் வீதி அளவுகோலில் ஐந்தடி என்றாற் சிறுவெள்ளம். ஏழடி என்றாற் பெருவெள்ளம். வானொலியில் இவ்வெண்ணைக் கேட்டே கீழ்க்களனிப் பகுதியினர் பாயைச் சுருட்டுவதா, படுப்பதா என்று முடிவு செய்கின்றனர். 1947ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திற் பன்னிரண்டடிக்கு மேல் ஏறிற்று. 1989இல் ஒன்பதடியைத் தாண்டிற்று. 2016 மே மாதத்தில் ஏழடிக்கு மேல். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் வீடுகள் கூரைவரை மூழ்கியமை நம் நினைவில் உள்ளது.

கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலே ஆற்றின் இரு மருங்கும் வெள்ளத் தடுப்பணைகள் கட்டப்பட்டன. தென் அணை நகரைக் காக்கின்றது. ஆனால் அணைக்கும் ஆற்றிற்குமிடையே ஓர் ஒடுங்கிய நிலம் உண்டு. பாதுகாக்கப்படாத பகுதி என்பது அதற்கு அரசினர் இட்ட பெயர். பெயர் அப்படியாயினும் அங்கே மக்கள் இருக்கின்றனர். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் இருக்கின்றனர். நகரில் வேறிடத்தில் வாடகை கொடுக்க இயலாதவர்கள் என்பதே அவர்களுக்குள்ள பொதுத்தன்மை. இதில் ஒரு கொடிய கணக்கும் உண்டு. அணை இல்லாவிடின் வெள்ளம் பரந்து தாழும். அணை கட்டியதால் அது ஒடுங்கி உயரும். நாம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உலர்ந்த படுக்கையில் உறங்குவதற்காக, அணைக்கு வெளியே உள்ள வீட்டில் நீர் சில அங்குலம் கூடுதலாக ஏறுகின்றது.

அணையின்மேல் நின்று இதனைப் பேரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்த வீட்டுவாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயா அளக்க வந்தீங்களா?" என்று கேட்டார். அளக்க வருபவர்கள் வந்தால் வீட்டை எடுத்துவிடுவார்களோ என்னும் அச்சம் அக்கேள்வியில் இருந்தது. இல்லை, பிள்ளைக்கு ஆற்றைக் காட்ட வந்தேன் என்றேன். அவர் முகம் தெளிந்தது. சுவரைக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நீர்க்கறைகள். எந்தக் கறை எந்த ஆண்டிற்குரியது என்பதனை அவர் பிள்ளைகளின் வயதைக்கொண்டு கணக்கிட்டார்: இது மூத்தவள் பெரியபிள்ளையான வருஷம், இது கடைசிப் பேரன் பிறந்த வருஷம். "மேலே போகச் சொல்றாங்க. மாடி வீடாம். நாலாம் மாடியில முருங்கை நட ஏலுமா?" என்று கேட்டுவிட்டுத் தாமே சிரித்தார். பேரன் விடை சொல்ல வாயெடுத்துப் பேசாமல் நின்றான். நானும் அவ்வாறே நின்றேன். வெள்ளம் ஏறும் நிலத்திற் குடியிருத்தல் தகாது என்பது சரி. நகரைக் காக்க அவருடைய வாசலை ஆற்றிற்கு விட்டவர்கள், போகுமிடத்தை முடிவு செய்யும்பொழுது அவரையும் ஒருமுறை கேட்டிருக்கலாம் என்பதும் சரியே.

கிழக்கிலங்கை அன்பர்கள் இக்கட்டுரையை வாசித்து, 'துறை பற்றி எங்களுக்கா சொல்கின்றீர்' என்று கேட்கக்கூடும். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பிற்குக் கரையோரமாகச் செல்பவர் வழிநெடுகப் பாதைக்குக் காத்திருந்த காலம் அண்மையிலேதான் முடிந்தது. மோட்டார் பூட்டிய தெப்பத்தைப் 'பாதை' என்றே அப்பகுதியார் வழங்கினர். வீதிக்கும் ஓடத்திற்கும் ஒரே சொல். கிண்ணியாவிற் பாலம் திறந்தது 2009இல். வடக்கே சங்குப்பிட்டிப் பாலம் 2011இல். நள்ளிரவிற் பிரசவ வேதனையுடன் பாதைக்காரரைக் கூவியழைத்தவர்களுக்கும், 1990களிற் கிளாலிக் கடலேரியை இருளிற் படகேறிக் கடந்து, உடன் வந்தவர்களை அங்கேயே இழந்தவர்களுக்கும், துறை என்பது சுற்றுலாப் பொருளன்று. அவர்களுள் எவரேனும் அடுத்த மலருக்கு அதனை எழுதித் தருவாராயின், என் கட்டுரையைக் காட்டிலும் அது நூறு மடங்கு பெறுமதியுடையதாகும்.

கிராண்ட்பாஸைப் பார்க்க விரும்பும் மாணவர்க்கு ஒரு சொல். காலையிலேயே செல்க, பத்து மணிக்குமேல் லொறி நெருக்கத்தில் நிற்க இடமில்லை. தோணிப்பாலத்தின் பலகையொன்றும் அங்கே இல்லை. இடத்தைக் காட்டும் அறிவிப்பு எதனையும் நான் காணவில்லை. பாலங்களுக்குக் கீழே சென்று, ஆறு வளையும் விதத்தையும் அக்கரைப் பேலியகொடையின் தாழ்வையும் பார்த்தால், அவ்விடத்தை ஏன் தெரிந்தெடுத்தனர் என்பது பலகையின்றியே விளங்கும். வத்தளைக்கும் நீர்கொழும்பிற்கும் செல்லும் பேருந்துகள் தலைக்குமேல் இரைந்துகொண்டிருக்கும்.

புறப்படுமுன் பேரன் அளவுகோலைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டான். அன்று இரண்டடிக்குச் சற்று மேல். வீட்டிற்கு வந்ததும் அவ்வெண்ணைத் தன் கொப்பியில் எழுதி, பக்கத்தில் நாளையும் இட்டான். அடுத்த ஞாயிறும் போக வேண்டும் என்கின்றான்.